பழைய லிங்க்குக்கும் பதில் சொல்லுங்கள்

"சார், லிங்க்கெல்லாம் பாக்கவே அசிங்கமா இருக்கு. கொஞ்சம் கிளீன் பண்ணிக் குடுங்க. ஆனா கூகுள்ல இப்ப வர்ற இடத்துலேர்ந்து இறங்கிடக் கூடாது." இணையதளப் பராமரிப்பு வேலையில் இந்த மூன்று வாக்கியங்களைக் கேட்காத வருடமே இல்லை. சொல்பவர் ஜவுளிக்கடை முதலாளியாக இருப்பார், சிற்றிதழ் ஆசிரியராக இருப்பார், பயிற்சி மையம் நடத்துபவராக இருப்பார். மூன்றாவது வாக்கியத்தில் இருக்கும் பயம் நியாயமானது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த தளங்கள், யூஆர்எல் மாற்றிய கையோடு தேடலில் காணாமல் போனதைப் பார்த்திருக்கிறேன். போய்ப் பார்த்தால் புதிய முகவரியில் ஒரு குறையும் இருக்காது. பழைய முகவரியைக் கேட்டு வந்தவருக்குச் சர்வர் சரியான பதில் சொல்லியிருக்காது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் பட்டியல் போட்டுச் செய்கிற வேலைதான்.

மாற்றத்தான் வேண்டுமா?

நான் முதலில் கேட்பது இதைத்தான். 'யூஆர்எல்லில் முக்கியச் சொல்லைப் போட்டால் கூகுளில் மேலே வரும்' என்று சொல்லி இந்த வேலையை விற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். டொமைன் பெயரிலோ பாதையிலோ இருக்கும் சொற்களால் மட்டும் கிடைக்கும் பலன் இல்லை என்றே சொல்லலாம் என்ற பொருளில் கூகுளே தன் எஸ்இஓ தொடக்கக் கையேட்டில் எழுதியிருக்கிறது. 2025 ஜனவரி முதல் கைப்பேசித் தேடல் முடிவுகளில் டொமைன் பெயரை மட்டுமே காட்டுகிறது. பின்னால் வரும் பாதை அங்கே தெரிவதில்லை. ஆகவே ரேங்க் ஏறும் என்ற நம்பிக்கையில் மட்டும் முகவரியைத் தொடாதீர்கள்.

தொடுவதற்கு வேறு நல்ல காரணங்கள் உண்டு. ஒரே பக்கம் ஐந்தாறு முகவரிகளில் திறக்கிறது, பார்வையாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு செஷன் எண் ஒட்டிக்கொண்டு வருகிறது, பழைய மென்பொருளைத் தூக்கிவிட்டுப் புதியதுக்குப் போகிறோம், தொலைபேசியில் முகவரியை வாயால் சொல்ல முடியவில்லை. இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் வேலையை ஒப்புக்கொள்வேன். 'அழகாக இல்லை' என்பது மட்டும் காரணமானால், இனி வரும் பக்கங்களுக்கு ஒழுங்கான முறை வகுத்துவிட்டு, பழையவற்றை அப்படியே விடச் சொல்வேன்.

வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, நல்ல முகவரிகள் மாறுவதில்லை என்று 1998-லேயே ஒரு கட்டுரை எழுதினார். எழுதியவர் பெயர், தலைப்புப் பிரிவு, 'புதியது', 'வரைவு' போன்ற நிலை, கோப்பின் பின்னொட்டு, உள்ளே ஓடும் மென்பொருளின் அடையாளம் ஆகியவற்றை முகவரியில் வைக்காதீர்கள் என்பது அவர் ஆலோசனை. இவை எல்லாம் காலப்போக்கில் மாறும். மாறும்போது முகவரியையும் இழுத்துக்கொண்டு போகும். பக்கம் உருவான தேதி மாறாது, அதை வைத்துக்கொள்ளலாம் என்கிறார். புதிய முறை வகுக்கும்போதெல்லாம் இந்தப் பட்டியலை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பேன். இந்த ஆண்டு 'புடவை' என்ற பிரிவில் இருக்கும் சரக்கு அடுத்த ஆண்டு 'பட்டு' என்ற பிரிவுக்குப் போகும். பிரிவின் பெயர் முகவரிக்குள் இருந்தால், கடைக்காரர் சரக்கை இடம் மாற்றும்போதெல்லாம் நமக்கு வேலை வரும்.

மாற்றாமலே தீர்வது

அசிங்கம் என்று காட்டப்படுவதில் பாதிக்கு மேல் முகவரியை மாற்றாமலே சரியாகும். ஜவுளித் தளம் ஒன்றில் ஒரே புடவை, நிறத்தின் வழியாக ஒரு லிங்க், விலை வரிசையின் வழியாக ஒரு லிங்க், விளம்பரத்திலிருந்து வந்தால் பின்னால் கண்காணிப்பு வால் ஒட்டிய இன்னொரு லிங்க் என்று திறந்துகொண்டிருந்தது. அங்கே தேவைப்பட்டது கெனானிக்கல் குறி. 'இந்தப் பக்கத்தின் மூல முகவரி இதுதான்' என்று தேடுபொறிக்குச் சொல்லும் ஒற்றை வரி அது. 2009-இல் கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து கொண்டுவந்தன.

ஒன்றை மறக்கக் கூடாது: அது கட்டளை இல்லை, பரிந்துரை. கெனானிக்கல் ஒன்றைக் காட்ட, தளத்தின் மெனு இன்னொன்றைக் காட்ட, சைட்மேப் மூன்றாவதைக் காட்டினால், கூகுள் தனக்குச் சரியென்று பட்டதை எடுத்துக்கொள்ளும். எல்லா இடத்திலும் ஒரே முகவரியைச் சொல்வதுதான் சுத்தம் செய்வதில் முக்கால்வாசி.

எச்டிடிபி, எச்டிடிபிஎஸ், டபிள்யூடபிள்யூடபிள்யூ உள்ளது, இல்லாதது என்று நான்கு வடிவங்களிலும் தளம் திறக்கிறதா என்று இப்போதே தட்டிப் பாருங்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மற்ற மூன்றையும் அதற்கு அனுப்ப வேண்டும். கடைசியில் சாய்கோடு உண்டா இல்லையா என்பதையும் முடிவுசெய்துகொள்ளுங்கள். ஆங்கில எழுத்து முகவரியில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் தேடுபொறிக்கு வேறு வேறு. சிறிய எழுத்து மட்டும், சொற்களுக்கு நடுவே அடிக்கோடுக்குப் பதில் இடைக்கோடு என்று வைத்துக்கொள்வது நல்லது.

முதலில் பட்டியல்

மாற்றுவது என்று முடிவானால், ஒரு வரி நிரல் எழுதும் முன் பட்டியல் தயாராக வேண்டும். என்னென்ன முகவரிகள் வெளியே உலவுகின்றன என்று தளத்தின் உரிமையாளருக்கே தெரியாது. நான் நான்கு இடங்களில் அள்ளுவேன்.

கூகுள் சர்ச் கன்சோல் 16 மாதத் தரவை வைத்திருக்கும். எந்தப் பக்கத்துக்குச் சொடுக்கு வந்தது, யார் லிங்க் கொடுத்திருக்கிறார்கள் என்று அங்கே கிடைக்கும். திரையில் 1000 வரிகள்தான் காட்டும். பெரிய தளமென்றால் ஏபிஐ வழியாக எடுக்க வேண்டும். அடுத்தது சர்வர் பதிவுக் கோப்பு. மறந்துபோன பிடிஎஃப், பழைய படங்கள், எப்போதோ நடந்த விழாவுக்குப் போட்ட பக்கம் எல்லாம் அதில்தான் தலைகாட்டும். மூன்றாவது, தளத்தை லிங்க் லிங்க்காக ஊர்ந்து பார்க்கும் கருவி. ஸ்க்ரீமிங் ஃப்ராக் 500 முகவரி வரை இலவசம்; சிறிய தளத்துக்குப் போதும். நான்காவது, இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷின். முந்தைய வடிவமைப்பில் இருந்து இன்று தளத்திலேயே இல்லாத முகவரிகளை அது நினைவு வைத்திருக்கும்.

இவற்றை ஒரே விரிதாளில் கொட்டி, இரட்டிப்பை நீக்கி, மூன்று நெடுவரிசை போடுங்கள்: பழைய முகவரி, புதிய முகவரி, என்ன செய்ய வேண்டும். சொடுக்கும் வெளி லிங்க்கும் அதிகம் உள்ளவற்றை மேலே கொண்டுவந்து, அவற்றை மட்டுமாவது கண்ணால் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். சிற்றிதழ் தளம் ஒன்றில் இப்படிப் பார்த்தபோது, முகப்புப் பக்கத்தைவிட ஒரு பழைய நேர்காணலுக்கு அதிக வெளி லிங்க்குகள் இருந்தன. விக்கிப்பீடியாவில் மேற்கோள் காட்டியிருந்தால் நாமே போய்த் திருத்தலாம். அச்சாகிவிட்ட ஆய்வேட்டின் அடிக்குறிப்பைத் திருத்த முடியாது. அந்த ஆய்வேட்டைப் படித்துவிட்டு வருபவருக்காகத்தான் இத்தனை பாடும்.

தமிழ் எழுத்தில் யூஆர்எல்

தமிழ் போல, ஆங்கிலம் அல்லாத எழுத்தில் எழுதும் தளங்களுக்கு உரிய சிக்கல் இது. வேர்ட்பிரஸில் தமிழில் தலைப்பு அடித்தால், ஸ்லக்கும், அதாவது அந்தப் பக்கத்தைக் குறிக்கும் முகவரியின் கடைசிப் பகுதியும், தமிழிலேயே வரும். உலாவியின் பட்டையில் அழகாகத்தான் தெரியும். வாட்ஸ்அப்பில் ஒட்டினால் சதவீதக் குறியும் எண்ணுமாக நாலு வரிக்கு நீளும். யூனிகோடில் 'தமிழ்' என்ற சொல்லுக்கு 5 குறிகள். ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ஒவ்வொரு பைட்டும் முகவரியில் 3 எழுத்தாக விரியும். ஆக, மூன்றெழுத்துச் சொல் 45 எழுத்தாகிறது.

வேர்ட்பிரஸ் ஸ்லக்குக்கு ஒதுக்கியிருப்பது 200 இடம். கணக்குப் போட்டால் தமிழில் 22 குறிகளோடு தீர்ந்துவிடும். 'பொங்கல் திருநாள் சிறப்புக் கட்டுரை' என்று தலைப்பு வைத்தால் மூன்றாவது சொல் முடிவதற்குள் எல்லை வந்துவிடும். நீளத் தலைப்பு வைக்கும் இதழ்களில் பாதியில் அறுந்த ஸ்லக்குகளாகக் கிடப்பதற்கு இதுதான் காரணம்.

இதனால் ரேங்க் குறையுமா என்று கேட்டால், குறையாது. கூகுளுக்குத் தமிழ் முகவரியும் முகவரிதான். ஆகவே ஏற்கெனவே நன்றாக ஓடும் தமிழ் ஸ்லக்குகளை மாற்ற வேண்டாம் என்பதுதான் என் யோசனை. இனி எழுதுபவற்றுக்கு இரண்டு வழி: தமிழிலேயே இரண்டு மூன்று சொல்லில் சுருக்கி வையுங்கள், அல்லது ஆங்கில எழுத்துக்குப் போங்கள். இரண்டாவது வழி என்றால் எழுத்துக்கூட்டலுக்கு விதி வேண்டும். 'ழ' வருகிற சொல்லை ஆசிரியர் ஒரு மாதிரியும் உதவி ஆசிரியர் இன்னொரு மாதிரியும் அடிப்பார்கள். எது எதற்கு எந்த எழுத்து என்று ஒரு பக்கத்தில் எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டச் சொல்லிவிடுவேன்.

இன்னொன்று, பழைய முகவரியில் எண் இருந்தால் புதிய முகவரியிலும் அந்த எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். '/கட்டுரை.பிஎச்பி?ஐடி=1234' என்பது '/கட்டுரை/1234' ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆயிரக்கணக்கான பக்கங்களுக்கும் சர்வரில் ஒரே விதி போதும். எண்ணைத் தூக்கி எறிந்துவிட்டால், எந்த எண் எந்தக் கட்டுரை என்று தனி அட்டவணை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். முகவரியின் கடைசியில் ஓர் எண் இருப்பதால் அழகு ஒன்றும் கெட்டுவிடாது.

ரீடைரக்ட்: ஒரே தாவல், நேரே சேரும் இடம்

பழைய முகவரிக்கு வருபவரைச் சர்வரே புதியதுக்குத் திருப்பி அனுப்புவதுதான் ரீடைரக்ட். அப்போது சர்வர் சொல்லும் பதில் எண், நிரந்தரமாக மாறியதற்கு 301 அல்லது 308. தற்காலிகத்துக்கு 302 அல்லது 307. நிரந்தர ரீடைரக்டைக் கூகுள் 'இனி புதியதே மூலம்' என்பதற்கு வலுவான அடையாளமாக எடுத்துக்கொள்கிறது. ரீடைரக்ட் செய்தால் பேஜ்ரேங்கில் கொஞ்சம் கசியும் என்று முன்பு பேசிக்கொள்வார்கள். 30-இல் தொடங்கும் ரீடைரக்ட்களால் அப்படி இழப்பு இல்லை என்று கூகுளின் கேரி இல்யெஸ் 2016-இல் சொல்லிவிட்டார். முறையாகச் செய்த மாற்றம் ரேங்க்கைத் தின்றுவிடும் என்ற பயம் வேண்டாம்.

முறையாக என்பதில்தான் விஷயம். நான் பின்னால் பொறுப்பேற்ற ஒரு சிற்றிதழ் தளத்தில், முன்பு வேலைபார்த்த நிறுவனம் எல்லாப் பழைய முகவரிகளையும் முகப்புப் பக்கத்துக்கே திருப்பிவிட்டிருந்தது. வீட்டு எண் கேட்டு வந்தவரை ஊர் எல்லையில் இறக்கிவிட்டுப் போவது போன்ற காரியம் அது. கட்டுரையைத் தேடி வருபவருக்கு முகப்புப் பக்கத்தால் பயனில்லை என்று கூகுளுக்கும் தெரியும். 'சாஃப்ட் 404' என்று குறித்து, அந்தப் பழைய பக்கங்களைக் கைவிட்டுவிடும். கட்டுரைகள் எல்லாம் தளத்தில் பத்திரமாக இருந்தும், தேடலில் ஒன்றும் வரவில்லை. வேபேக் மெஷினிலிருந்து பழைய முகவரிகளை எடுத்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய கட்டுரைக்குத் திருப்பிய பிறகே மெல்ல மெல்லத் திரும்பி வந்தன. பக்கத்துக்குப் பக்கம் என்பதே விதி. நிகரான பக்கம் இல்லாவிட்டால் 404 அல்லது 410 கொடுங்கள். இல்லை என்று நேர்மையாகச் சொல்வதால் தளத்துக்குத் தண்டனை ஒன்றும் கிடையாது.

சங்கிலி சேரவிடாதீர்கள். பழைய முகவரி எச்டிடிபிஎஸ்ஸுக்குத் தாவி, அங்கிருந்து டபிள்யூடபிள்யூடபிள்யூவுக்குத் தாவி, பிறகு புதிய பாதைக்கு, கடைசியில் சாய்கோட்டுக்கு என்று போகும் தளங்கள் ஏராளம். பக்கங்களைப் படிக்க வரும் கூகுளின் நிரலான கூகுள்பாட் பத்துத் தாவல் வரை பின்தொடரும். அதற்காகப் பத்தையும் வைத்திருக்க வேண்டியதில்லை. முன்பொருமுறை யாரோ செய்த ரீடைரக்ட் விதிகள் கிடந்தால், அவற்றையும் திறந்து, இறுதி முகவரிக்கே நேராகக் காட்டும்படி மாற்றி எழுதுங்கள்.

சோதிக்கும்போது 302 வைத்துச் சோதியுங்கள். 301-ஐ உலாவிகள் நினைவில் வைத்துக்கொள்ளும். விதியைத் திருத்திய பிறகும் உங்கள் கணினியில் பழைய இடத்துக்கே போகும், எது சரி எது பிழை என்று குழம்பிப்போவீர்கள். எல்லாம் ஒழுங்காக வந்தபின் 301 ஆக்கிக்கொள்ளலாம். விதிகளில் குறிப்பானது மேலே, பொதுவானது கீழே.

பழைய முகவரிகளை ரோபாட்ஸ் கோப்பில் தடுத்துவைப்பது அடிக்கடி கண்ணில் படும் இன்னொரு பிழை. 'பழசுதானே, கூகுள் ஏன் பார்க்கணும்' என்று தோன்றும். வாசலை அடைத்துவிட்டால் உள்ளே இருக்கும் ரீடைரக்டைக் கூகுள்பாட் எப்படிப் பார்க்கும்? திறந்தே வையுங்கள்.

வேர்ட்பிரஸ்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு பதிவின் ஸ்லக்கை மாற்றினால் பழையதை அது நினைவு வைத்துத் தானே திருப்பிவிடும். 'பேஜ்' வகைப் பக்கங்களுக்கு இந்த வசதி இல்லை. பெர்மாலிங்க் அமைப்பையே மாற்றினால் ஊகித்துத்தான் அனுப்பும்; அந்த ஊகம் சில சமயம் வேறு பக்கத்துக்குக் கொண்டுபோய்விடும். பட்டியலை வைத்து நீங்களே விதி எழுதுவதுதான் நம்பிக்கையான வழி.

மாற்றும் நாளும் அதற்குப் பிறகும்

ரீடைரக்ட் வந்துவிட்டது என்று உள் லிங்க்குகளை அப்படியே விடக் கூடாது. மெனு, கட்டுரைகளுக்குள் இருக்கும் லிங்க், கெனானிக்கல், சைட்மேப், இரு மொழித் தளமென்றால் மொழி இணைப்புக் குறிகள், விளம்பரங்கள், கூகுள் பிசினஸ் புரொஃபைல் எல்லாம் அன்றே புதிய முகவரியைப் பேச வேண்டும். டொமைன் மாறாமல் பாதை மட்டும் மாறினால், சர்ச் கன்சோலில் இருக்கும் முகவரி மாற்றக் கருவி தேவையில்லை. அது டொமைன் மாற்றத்துக்கு மட்டும்.

நாள் பார்ப்பது முக்கியம். ஜவுளிக்கடைக்குத் தீபாவளி நெருங்கும்போது இந்த வேலையைத் தொட மாட்டேன். புதிய வடிவமைப்பும் யூஆர்எல் மாற்றமும் ஒரே நாளில் வேண்டாம். சரிவு வந்தால் காரணம் எது என்று பிரித்தறிய வழியே இருக்காது. பெரிய தளமென்றால் ஒரு பிரிவை மட்டும் முதலில் மாற்றி, அது அடங்கியபின் அடுத்ததுக்குப் போங்கள்.

மாற்றியபின் சில வாரம் எண்கள் ஆடும். நடுத்தரத் தளத்தின் பக்கங்கள் புதிய முகவரிக்கு மாறச் சில வாரங்கள் ஆகும் என்று கூகுளே சொல்கிறது. இந்த நாட்களில்தான் உரிமையாளரிடமிருந்து தினமும் போன் வரும்: "சார், பழையபடியே மாத்திடலாமா?" மாற்றக் கூடாது. திரும்பிப் போனால் அது இரண்டாவது இடமாற்றம், முதலிலிருந்து தொடங்கும். அதற்குப் பதில் சர்ச் கன்சோலில் மூன்றைப் பாருங்கள்: 404 பட்டியலில், நம் விரிதாளுக்கு வராத பழைய முகவரி ஏதும் தலைகாட்டுகிறதா, நாம் சொன்ன கெனானிக்கலைக் கூகுள் ஏற்றிருக்கிறதா, பழையதில் சொடுக்கு இறங்க இறங்கப் புதியதில் ஏறுகிறதா. ஒப்பிடுவதை முந்தைய வாரத்தோடு வைக்காமல், சென்ற ஆண்டின் இதே வாரங்களோடு வையுங்கள். இல்லாவிட்டால் பண்டிகை முடிந்ததால் வந்த இறக்கத்தை ரீடைரக்டின் தலையில் கட்டுவோம்.

எத்தனை நாள் வைத்திருப்பது?

குறைந்தது ஓர் ஆண்டு என்பது கூகுளின் பரிந்துரை. அது தேடுபொறியின் தேவை. கடையின் துணிப்பையில் அச்சடித்த க்யூஆர் குறி, கல்லூரிப் பாடத்திட்டத்தில் ஏறிய லிங்க், வெளிநாட்டு உறவினரின் மின்னஞ்சலில் கிடக்கும் லிங்க் ஆகியவற்றுக்குக் கெடு எதுவும் கிடையாது. சில விதி வரிகளைச் சர்வரில் வைத்திருக்கச் செலவும் இல்லை. 2013-இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டு கழித்துத் திறக்கவில்லை என்று பியூ ஆய்வு மையம் 2024-இல் கணக்கிட்டது. அந்தக் கணக்கில் நம் பக்கமும் சேர வேண்டாம்.

டொமைனையே மாற்றியிருந்தால் பழைய டொமைனைப் புதுப்பித்துக்கொண்டே இருங்கள். விட்டுவிட்டால் யாரோ வாங்கி அதில் சூதாட்ட விளம்பரம் ஏற்றுவார்கள். உங்கள் பெயரை நம்பி வருபவர் அங்கே போய் நிற்பார்.

கடைசியாக, உரிமையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். தளத்தை ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் மாற்றிக் கொடுக்கும்போது பாஸ்வேர்டும் படங்களும் வாங்கிக்கொள்கிறீர்கள். அதோடு ரீடைரக்ட் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். புதிதாக வருபவர் முதல் நாள் திறந்து பார்க்க வேண்டிய கோப்பு அதுதான்.